சாய்வும் வெட்டுத்துண்டும்: மூன்று விடையில் ஒன்று மட்டும் எப்படிச் சரியானது?

கேள்வி சுருக்கமாக இது: "மகன் பத்தாம் வகுப்பு, தமிழ் வழி. மூன்று எக்ஸ் கழித்தல் நான்கு ஒய் சமம் 24 என்ற கோட்டின் சாய்வையும், இரண்டு அச்சுகளிலும் அதன் வெட்டுத்துண்டுகளையும் கேட்டிருந்தார்கள். சாய்வு −3/4, எக்ஸ் வெட்டுத்துண்டு −8, ஒய் வெட்டுத்துண்டு −6 என்று எழுதியிருக்கிறான். கடைசி விடைக்கு மட்டும் டிக். ஒரே சூத்திர வரிசையில் போட்டவனுக்கு ஒன்று மட்டும் எப்படிச் சரியாக வரும்? நான் கணக்கை விட்டு இருபது வருடம் ஆகிறது. அடியிலிருந்து விளக்க முடியுமா?"

முடியும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பையனுக்குக் கணக்கு வராமல் இல்லை. வேறொரு கோட்டின் கணக்கைப் பிசகில்லாமல் போட்டு வைத்திருக்கிறான். டிக் வாங்கிய அந்த −6கூடக் குருட்டு அதிர்ஷ்டத்தில் வந்ததுதான். அது எப்படி என்று பின்னால் வருகிறேன். இருபது வருட இடைவெளி இருப்பதால், சாய்வு, வெட்டுத்துண்டு என்ற இரண்டு சொல்லும் எதைக் குறிக்கின்றன என்று முதலில் பார்த்துவிடலாம்.

எழுத்து பற்றி ஒரு வார்த்தை. புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்று இருப்பதை இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். எக்ஸ் என்பது கிடையாகப் போகும் தூரம். அதைக் கி என்று வைத்துக்கொள்வோம். ஒய் என்பது செங்குத்தாக ஏறும் உயரம், அது செ. அப்படியென்றால் உங்கள் கோடு 3கி − 4செ = 24. மாலை டியூஷனில் தடுமாறும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் இப்படித்தான் எழுதிக் காட்டுவேன். எது படுத்திருக்கிறது, எது நிமிர்ந்து நிற்கிறது என்பது எழுத்திலேயே இருப்பதால் பாதிக் குழப்பம் அங்கேயே போய்விடும். பரீட்சையில் எக்ஸ், ஒய்தான் எழுத வேண்டும்.

வீட்டு வாசலில் ஸ்கூட்டர் ஏற்றுவதற்குச் சிமெண்டில் ஒரு சரிவு போட்டிருப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவிலிருந்து வாசல் 45 சென்டிமீட்டர் உயரம். தெருவை ரொம்ப ஆக்கிரமிக்கக் கூடாதே என்று சரிவைக் கிடையாக 90 சென்டிமீட்டரோடு நிறுத்திவிட்டார்கள். 45ஐ 90ஆல் வகுத்தால் 1/2. இதுதான் அந்தச் சரிவின் சாய்வு. கிடையாக இரண்டு அடி போனால் ஓர் அடி ஏறும். ஸ்கூட்டரின் அடிப்பாகம் மேல் விளிம்பில் 'கரக்' என்று உரசுவது இந்த மாதிரிச் சரிவில்தான். சக்கர நாற்காலிக்குப் போடும் சரிவுக்கு 1/12 என்ற சாய்வைத் தாண்டக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அதே 45 சென்டிமீட்டர் ஏற அப்போது 12 மடங்கு, அதாவது 5 மீட்டர் 40 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். ஏறும் உயரம் இரண்டிலும் ஒன்றுதான், சாய்வுதான் வேறு.

ஆக, கிடையாக 1 நகர்ந்தால் உயரம் எவ்வளவு மாறுகிறது என்பதே சாய்வு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதைப் படித்திறன் என்பார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும், மாடிப்படி கண்முன் வந்து நிற்கிறது. நேர்க்கோடு என்றாலே எந்தப் படியும் ஒரே உயரம்தான். எங்கே நின்று அளந்தாலும் ஒரே விடை வரும். கோட்டை எப்போதும் இடமிருந்து வலமாக நடந்து பார்க்க வேண்டும். ஏறினால் சாய்வு கூட்டல் குறி, இறங்கினால் கழித்தல் குறி.

வெட்டுத்துண்டு என்ற சொல்லைப் பிள்ளைகள் வேகமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். நின்று பார்த்தால் விளக்கம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கோடு அச்சை வெட்டுகிறது. ஆதிப்புள்ளியிலிருந்து, அதாவது இரண்டு அச்சும் சந்திக்கும் இடத்திலிருந்து, வெட்டுப்பட்ட இடம் வரை அச்சில் ஒரு துண்டு கிடைக்கிறது. அந்தத் துண்டின் அளவுதான் வெட்டுத்துண்டு. ஆதிப்புள்ளிக்கு வலப்பக்கமோ மேற்பக்கமோ வெட்டினால் கூட்டல், இடப்பக்கமோ கீழ்ப்பக்கமோ வெட்டினால் கழித்தல். அது ஓர் எண்; வெட்டும் புள்ளி வேறு. கிடை அச்சில் வெட்டுத்துண்டு 8 என்றால் புள்ளி (8, 0): முதல் எண் கிடைத் தூரம், அடுத்தது உயரம். கேள்வியில் எதைக் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் கோட்டுக்கு வருவோம்: 3கி − 4செ = 24.

கிடை அச்சு என்பது தரை. தரையில் நிற்பவனுக்கு உயரம் ஏது? அங்கே செ = 0. அதனால் கிடை அச்சின் வெட்டுத்துண்டு வேண்டுமென்றால் செ-க்குப் பூஜ்ஜியம் போட வேண்டும். பாதிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எக்ஸ் வெட்டுத்துண்டு கேட்டால் எக்ஸுக்கே பூஜ்ஜியம் போட்டுவிடுகிறார்கள், பெயர் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. 'தரையில் உயரம் ஏது?' என்ற ஒரு வரி மனதில் இருந்தால் இது நடக்காது.

நான் இதைக் கட்டைவிரலால் செய்யச் சொல்வேன். −4செ என்ற உறுப்பை, முன்னால் இருக்கும் கழித்தல் குறியோடு சேர்த்துக் கட்டைவிரலால் மூடுங்கள். மிச்சம் 3கி = 24. கி = 8. இப்போது விரலை எடுத்து 3கி-ஐ மூடுங்கள். மிச்சம் −4செ = 24. செ = −6. அவ்வளவுதான், இரண்டு வெட்டுத்துண்டும் வந்துவிட்டன. இரண்டாவது தடவை மூடும்போது விரல் கொஞ்சம் அகலமாக விழுந்து கழித்தல் குறியையும் மறைத்துவிட்டால் 4செ = 24 ஆகிவிடும், விடை 6 என்று வரும். விளையாட்டாகச் சொல்லவில்லை, இதே பிசகை மாதம் இரண்டு தடவையாவது பார்க்கிறேன்.

சாய்வு? தனியாக எதுவும் செய்ய வேண்டாம். கோடு (0, −6) வழியாகவும் (8, 0) வழியாகவும் போகிறது. முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதுக்கு நடந்தால் வலப்பக்கம் 8, மேலே 6. சாய்வு 6/8, அதாவது 3/4. வரைபடத் தாளில் வைத்துப் பார்த்தாலும் நான்கு கட்டம் வலது, மூன்று கட்டம் மேலே என்று போகும்.

இன்னொரு வழி, செ-ஐத் தனியாக ஒரு பக்கம் நிறுத்துவது. 3கி − 4செ = 24 என்பதில் 4செ-ஐ அந்தப் பக்கமும் 24ஐ இந்தப் பக்கமும் மாற்றினால் 3கி − 24 = 4செ. நான்கால் வகுத்தால் செ = (3/4)கி − 6. இந்த உருவத்துக்கு வந்துவிட்டால் கணக்கே போட வேண்டியதில்லை, பார்த்தே எழுதலாம். கி-யோடு ஒட்டியிருக்கும் எண் சாய்வு. தனியாக நிற்கும் எண், குறியோடு சேர்த்து, செங்குத்து அச்சின் வெட்டுத்துண்டு. ஏன்? கி-க்குப் பூஜ்ஜியம் போட்டால் முதல் உறுப்பு காணாமல் போய் −6 மட்டும் நிற்கிறது. கி ஒன்று கூடினால் செ 3/4 கூடுகிறது. சூத்திரம் என்று தனியாக ஒன்றும் இல்லை, சமன்பாடே பேசுகிறது.

புத்தகத்தில் சாய்வுக்கு எம் என்ற எழுத்து ஏன் என்று புத்திசாலிப் பிள்ளைகள் கேட்பார்கள். ஏறுதல் என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, பிரெஞ்சுக் கணித அறிஞர் தெக்கார்த்து வைத்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. 1637இல் வடிவியலையும் இயற்கணிதத்தையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தவர் தெக்கார்த்துதான். ஆனால் அவர் அந்த எழுத்தைச் சாய்வுக்குப் பயன்படுத்தவில்லை. கதைக்கு ஆதாரம் இல்லை.

இப்போது பையனின் விடைத்தாள். பள்ளியில் பொது வடிவம் என்று ஒன்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள்: அகி + ஆசெ + இ = 0. இதில் அ, ஆ, இ மூன்றும் எண்கள். இதற்கு மூன்று சூத்திரம்: சாய்வு −அ/ஆ, கிடை வெட்டுத்துண்டு −இ/அ, செங்குத்து வெட்டுத்துண்டு −இ/ஆ. இவை சரியான சூத்திரங்கள்தான். பையன் சமன்பாட்டைப் பார்த்தான். 3, 4, 24 என்று மூன்று எண் தெரிந்தது. அப்படியே எடுத்து அ = 3, ஆ = 4, இ = 24 என்று போட்டுவிட்டான். சாய்வு −3/4. கிடை வெட்டுத்துண்டு −24/3 = −8. செங்குத்து வெட்டுத்துண்டு −24/4 = −6.

உண்மையில் அந்தச் சமன்பாட்டைப் பொது வடிவத்துக்கு மாற்றினால் 3கி − 4செ − 24 = 0. அதாவது அ = 3, ஆ = −4, இ = −24. இரண்டு கழித்தல் குறி தொலைந்திருக்கிறது. ஒன்று ஆ-வில், நான்குக்கு முன்னால் கண்ணுக்குத் தெரிந்தே இருந்த குறி. இன்னொன்று இ-யில், 24 சமக்குறியைத் தாண்டி வரும்போது வாங்க வேண்டிய குறி.

இனி ஒவ்வொரு சூத்திரத்திலும் எந்த எழுத்து வருகிறது என்று பாருங்கள். சாய்வில் ஆ வருகிறது, இ வரவில்லை: ஒரு குறி பிசகி விடை தப்பானது. கிடை வெட்டுத்துண்டில் இ வருகிறது, ஆ வரவில்லை: அங்கேயும் ஒரு குறி பிசகி விடை தப்பு. செங்குத்து வெட்டுத்துண்டில் இரண்டுமே வருகின்றன. இரண்டு தப்பும் ஒன்றையொன்று தின்றுவிட்டன, −6 சரியாக வந்து நின்றது. விடையை மட்டும் பார்த்துத் திருத்துபவர் டிக் போடத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பையன் அந்த டிக்கைப் பார்த்து 'எனக்கு ஒய் வெட்டுத்துண்டு தெரியும்' என்று நினைத்துக்கொண்டால் அடுத்த பரீட்சையில் மாட்டிக்கொள்வான்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. நல்ல பையன் என்றால் விடையைச் சரிபார்ப்பான் இல்லையா? அவனுடைய வெட்டுத்துண்டுகளை வைத்துச் சாய்வைக் கண்டுபிடிக்கலாம். புள்ளிகள் (−8, 0), (0, −6). வலப்பக்கம் 8 நடந்தால் 6 இறங்குகிறது. சாய்வு −6/8 = −3/4. அட, அவன் எழுதிய சாய்வோடு அப்படியே ஒத்துப்போகிறது! மூன்று விடையும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. காரணம், அவை மூன்றும் 3கி + 4செ + 24 = 0 என்ற வேறொரு கோட்டின் உண்மையான விடைகள். கூட்டாளிகளையே சாட்சிக்கு அழைத்தால் இப்படித்தான் ஆகும்.

சாட்சியைக் கேள்வித்தாளிலிருந்துதான் அழைக்க வேண்டும். (−8, 0) என்ற புள்ளியைக் கேள்வியில் கொடுத்த சமன்பாட்டில் போடுங்கள். 3 × (−8) − 4 × 0 = −24. வர வேண்டியது 24. பிடிபட்டாயிற்று. இதற்குப் பத்து விநாடி ஆகும். மாற்றி எழுதிய சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. மாற்றி எழுதும்போதுதானே தப்பு நுழைகிறது.

அதனால் என் யோசனை, அந்த மூன்று சூத்திரத்தையும் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். பூஜ்ஜியம் போட்டு வெட்டுத்துண்டு, நடந்து பார்த்துச் சாய்வு. கை பழகினபின் வேகத்துக்குச் சூத்திரம் இருக்கட்டும். சூத்திரத்தை ஆதியில் கொடுத்து அர்த்தத்தை அப்புறம் சொல்லும் பழக்கத்தின்மேல் எனக்கு நெடுநாளாக வருத்தம் உண்டு, அது இங்கே வேண்டாம்.

சில கேள்விகளில் சமன்பாடே இருக்காது, இரண்டு புள்ளி மட்டும் கொடுப்பார்கள். உதாரணத்துக்கு (2, 5), (6, −3). கிடையாக 2லிருந்து 6க்கு, 4 நகர்வு. உயரம் 5லிருந்து −3க்கு, 8 இறக்கம். சாய்வு −8/4 = −2. ஒரு படிக்கு இரண்டு இறங்குகிறது. இனி சமன்பாடு கூட வேண்டாம், நடந்தே போகலாம். (2, 5)இல் நிற்கிறோம். செங்குத்து அச்சு இரண்டு படி இடப்பக்கம். வலப்பக்கம் போனால் இறங்கும் கோடு, இடப்பக்கம் போனால் ஏறும். படிக்கு இரண்டு வீதம் நான்கு ஏறி 9. செங்குத்து வெட்டுத்துண்டு 9. தரைக்கு வர 5 இறங்க வேண்டும். படிக்கு இரண்டு என்றால் இரண்டரைப் படி. 2 + 2.5 = 4.5. கிடை வெட்டுத்துண்டு 4.5. சமன்பாடு செ = −2கி + 9. இரண்டாவது புள்ளியைப் போட்டுப் பாருங்கள்: −12 + 9 = −3, சரி.

சூத்திரத்தில் போடுபவர்கள் இங்கே செய்யும் தப்பு, மேலே உயரத்தில் இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்துவிட்டுக் கீழே கிடைத் தூரத்தில் முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிப்பது. எந்தப் புள்ளியிலிருந்து தொடங்கினாலும் பரவாயில்லை, மேலேயும் கீழேயும் அதே வரிசை இருந்தால் போதும்.

இதெல்லாம் எதற்கு என்று பையன் கேட்டால் ஊட்டி ரயிலைக் காட்டுங்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர். அங்கிருந்து 46 கிலோமீட்டர் போய் ரயில் 2203 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. ஏற்றம் 1877 மீட்டர். அதை 46000ஆல் வகுத்தால் சராசரிச் சாய்வு சுமார் 0.041. ஒரு கிலோமீட்டர் போனால் 41 மீட்டர் ஏற்றம். (பாதையின் நீளத்தையே கிடைத் தூரமாக எடுத்துக்கொண்டேன். இவ்வளவு குறைந்த சாய்வில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வராது.) உண்மையான பாதை ஒரே நேர்க்கோடு இல்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை சாய்வு ஏறத்தாழ 1/12, சராசரியைப்போல் இரண்டு மடங்கு. சக்கர நாற்காலிக்குச் சொன்ன அதே அளவு! நாற்காலிக்கு அது பதமான சரிவு. இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும் இரும்புச் சக்கரத்துக்கு அது செங்குத்து மலை. அதனால்தான் அந்தப் பகுதியில் நடுவே பல் வைத்த தண்டவாளம் போட்டு, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. இந்தியாவில் பற்சக்கரத்தில் ஓடும் ரயில் பாதை இது ஒன்றுதான்.

சராசரியை வைத்துக் கோடு எழுதினால் செ = 0.041கி + 326, எல்லாம் மீட்டரில். 326 என்ற வெட்டுத்துண்டு எதைச் சொல்கிறது? கி = 0, அதாவது ரயில் இன்னும் கிளம்பவில்லை, மேட்டுப்பாளையம் நடைமேடையில் நிற்கிறது. அந்த நடைமேடையின் உயரம் 326. கிடை வெட்டுத்துண்டு என்ன? 326ஐ 0.041ஆல் வகுத்துக் கழித்தல் குறி போட்டால் சுமார் −8000. கோட்டை அப்படியே பின்னால் நீட்டினால் மேட்டுப்பாளையத்துக்கு 8 கிலோமீட்டர் முன்பு கடல் மட்டம் வந்துவிடும் என்கிறது கணக்கு. கடலாவது ஒன்றாவது! அங்கிருந்து தெற்கே ரயிலில் போனால் கோவை வரும், அது மேட்டுப்பாளையத்தைவிட உயரத்தில் இருக்கிறது. கணக்கு பொய் சொல்லவில்லை. கோடு செல்லுபடியாகாத இடத்துக்கு அதை நாம் இழுத்துக்கொண்டு போய்விட்டோம்.

இதே விஷயம் ஆட்டோக் கட்டணத்தில் இன்னும் அழகாகத் தெரியும். 2013இல் தமிழ்நாடு அரசு சென்னைக்கு நிர்ணயித்த மீட்டர் கட்டணம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். (மீட்டர் போட்டு ஓடியது எத்தனை ஆட்டோ என்பது வேறு கதை.) சாய்வு பார்த்ததுமே தெரிகிறது, 12. அதற்கு அலகும் உண்டு, கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய். வெட்டுத்துண்டு எவ்வளவு என்று கேட்டால் வகுப்பே ஒரு குரலில் 25 என்று சொல்லும். போட்டுப் பார்ப்போம். கட்டணம் = 25 + 12(கி − 1.8). அடைப்பை விரித்தால் 25 − 21.6 + 12கி, அதாவது 12கி + 3.4. வெட்டுத்துண்டு 3 ரூபாய் 40 காசு! 5 கிலோமீட்டருக்குச் சரிபார்த்தால் 60 + 3.4 = 63.40, நேரடியாகக் கணக்கிட்டாலும் 25 + 38.40 = 63.40.

அந்த 3 ரூபாய் 40 காசை எந்தப் பயணியும் கொடுத்ததில்லை. முதல் 1.8 கிலோமீட்டர் வரை வரைபடம் 25இல் படுத்தபடி போகிறது, அங்கே சாய்வு 0. அதற்குப் பிறகுதான் 12 என்ற சாய்வில் ஏறத் தொடங்குகிறது. ஏறும் கோட்டைப் பின்னால் நீட்டினால் அது அச்சைத் தொடும் இடம் 3.4. வரைபடத்தில் அச்சைத் தொட்டு நிற்கும் எண் 25, சாய்ந்த கோட்டின் வெட்டுத்துண்டு 3.4. இதைக் கையால் ஒரு தடவை வரைந்து பார்த்த பிள்ளை பிறகு இந்தப் பாடத்தில் தடுமாறி நான் பார்த்ததில்லை.

சில கோடுகள் அடம்பிடிக்கும். செ = 5 என்ற கோட்டில் கி-யே இல்லை. அது தரைக்கு இணையாகப் படுத்திருக்கிறது. சாய்வு 0, தரையை வெட்டுவதே இல்லை, கிடை வெட்டுத்துண்டு கிடையாது. கி = −3 என்பது நிமிர்ந்து நிற்கும் சுவர். உயரம் எவ்வளவு மாறினாலும் கிடை நகர்வு பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது, எனவே சாய்வு வரையறுக்கப்படவில்லை. பிள்ளைகள் இரண்டுக்கும் 'சாய்வு இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். தரையின் சாய்வு பூஜ்ஜியம் என்ற ஓர் எண். சுவருக்கு எண்ணே கிடையாது. இந்த வித்தியாசத்தை ஒரு மதிப்பெண் கேள்வியில் அடிக்கடி கேட்பார்கள்.

2கி = 5செ மாதிரியான கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகிறது. இரண்டு வெட்டுத்துண்டும் 0. நான் மேலே சொன்ன 'வெட்டுத்துண்டுகளை வைத்துச் சாய்வு' வழி இங்கே படுத்துவிடும், ஏனென்றால் இரண்டும் ஒரே புள்ளி. கி = 5 போட்டால் செ = 2; அந்தப் புள்ளியை வைத்துச் சாய்வு 2/5 என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், பின்ன வடிவம். கி/5 + செ/3 = 1 என்று கொடுத்தால் வெட்டுத்துண்டுகள் 5, 3 என்று பார்த்தே எழுதலாம். இந்தச் சொகுசுக்குப் பழகினவன் கி/5 + செ/3 = 2 என்று வந்தாலும் 5, 3 என்றே எழுதுவான். வலப்பக்கம் 1 இருந்தால்தான் அது செல்லும். இங்கே விரலால் மூடிப் பார்த்தால் கி/5 = 2, கி = 10; செ/3 = 2, செ = 6. சாய்வு −6/10, அதாவது −3/5. வலப்பக்க எண் மாறினாலும் சாய்வு மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் கோட்டிலும் 24ஐ எடுத்துவிட்டு 100 போட்டாலும் சாய்வு 3/4தான். கோடு சாயாமல் அப்படியே நகர்ந்து உட்காரும். இணைகோடுகளின் சமன்பாடு கேட்டால் இடப்பக்கத்தைத் தொடாமல் வலப்பக்க எண்ணை மட்டும் கண்டுபிடித்தால் போதும் என்பது இதிலிருந்து வருவதுதான். கொடுத்த கோட்டுக்குச் செங்குத்தாக வெட்டும் கோடு கேட்டால் சாய்வைக் கவிழ்த்துக் குறியை மாற்ற வேண்டும்: 3/4க்கு −4/3.

வரைபடத் தாளைப் பற்றியும் ஒன்று. இரண்டு அச்சுக்கும் ஒரே அளவுத்திட்டம் எடுத்தால்தான் கண்ணுக்குத் தெரியும் சரிவும் கணக்கில் வரும் சாய்வும் ஒத்துப்போகும். கிடையில் ஒரு சென்டிமீட்டருக்கு 1 அலகு, செங்குத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 10 அலகு என்று எடுத்துவிட்டால் சாய்வு 10 உள்ள கோடும் தாளில் 45 பாகையில் சாதுவாகப் போகும். கோணமானியை வைத்து அளந்து சாய்வு 1 என்று எழுதிய பையனை எனக்குத் தெரியும். தாளில் சாய்வு காண வேண்டுமென்றால் கட்டங்களை எண்ணாமல் அச்சில் எழுதியிருக்கும் எண்களைப் படிக்க வேண்டும்.

இன்று மாலை இந்த மூன்றைக் கொடுத்துப் பாருங்கள்: 5கி + 2செ = −20; செ = 7 − கி; கி/4 − செ/6 = 2. எக்ஸ், ஒய் போட்டே எழுதிக் கொடுங்கள். முதலாவதுக்குக் கிடை வெட்டுத்துண்டு −4, செங்குத்து −10, சாய்வு −5/2. இரண்டாவதுக்கு 7, 7, −1. மூன்றாவதுக்கு 8, −12, 3/2. மூன்றாவதில் 4, −6 என்று எழுதினால் திட்ட வேண்டாம். ஒன்றும் சொல்லாமல் வலப்பக்கத்தில் இருக்கும் 2ஐ விரலால் தொட்டுக் காட்டுங்கள்.